ரோலெஸின் நாட்டுக்குக் கோடு போடாதீர்கள்

பண்டைய வரலாற்றுக்கு வரைபடம் வரைந்து தருவது என் வேலை. டான்யூப் ஆற்றின் கீழ்ப்பகுதியைப் பற்றி எழுத வரும் புதியவர்கள், அங்கே வாழ்ந்த கெட்டியர் என்ற பழங்குடியின் தலைவர்களில் ஒருவரான ரோலெஸைத் தொட்டதும் நான் அன்று விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகத் திருந்திவிடும்.

க்ராசஸும் சீசரும்

ரோலெஸைப் பற்றி நமக்குக் கிடைப்பது பண்டைய வரலாற்றாசிரியர் காசியஸ் டயோ கிரேக்கத்தில் எழுதிய ரோம வரலாற்றில், 51-ஆம் நூலில், சில வரிகள்தான். அங்கே க்ராசஸ், சீசர் என்ற பெயர்கள் சேர்ந்து வரும். உடனே க்ராசஸ், ஜூலியஸ் சீசர், பாம்பே ஆகியோரின் மூவர் கூட்டணிக் காலம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த க்ராசஸ் கி.மு. 53-இல் கார்ஹேயில் இறந்தார். ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் கொல்லப்பட்டார். ரோலெஸின் கதை நடப்பது கி.மு. 29-28-இல். இந்த க்ராசஸ் அவருடைய பேரன், மாசிடோனியாவின் ஆளுநர். இந்த சீசர், ஆக்டேவியன். அகஸ்டஸ் என்ற பட்டம் கி.மு. 27 ஜனவரியில்தான் வந்தது, அதனால் அந்தப் பெயரையும் இங்கே போட வேண்டாம்.

கெட்டியர் கோத்துகள் அல்லர்

கோத்துகள் பிற்காலத்து ஜெர்மானிய இனம். இரண்டையும் ஒன்றாக்கியது, 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோர்டானெஸ் போன்றவர்கள் செய்த குழப்பம்.

எல்லைக்கோடு

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். என் முதல் வரைபடத்தில், டான்யூபுக்கும் கருங்கடலுக்கும் நடுவே உள்ள தொப்ருஜாவின் தென்பாதியைப் பச்சையால் நிரப்பி, சுற்றிலும் அழுத்தமாக ஒரு கோடு இழுத்து, 'ரோலெஸ் அரசு' என்று எழுதினேன். ஒரு கண்காட்சிக்காக அதைப் பெரிய பலகையாக அச்சடித்தார்கள். பார்க்க வந்த பெரியவர் ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "தம்பி, கோடு இந்த இடத்தில் வளைகிறதே, யார் சொன்னது?" என்னிடம் பதில் இல்லை. அங்கே வளைத்தால் பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

பலகையைக் கழற்றி, என் கைக்காசில் வேறு அச்சடித்துக் கொடுத்தேன். அதற்குள் பலர் அதைப் படம் பிடித்துப் போயிருந்தார்கள். போன மாதம் ஒருவர் சரிபார்க்கச் சொல்லி அனுப்பிய வரைபடத்தில் அதே பச்சை, அதே வளைவு. இன்னமும் எரிச்சலாக இருக்கிறது.

டயோ சொல்வது, ரோலெஸ் 'கெட்டியரில் சிலருக்கு அரசர்' என்பது மட்டுமே. தலைநகர் இல்லை, எல்லை இல்லை. தென் தொப்ருஜா என்பது, க்ராசஸின் படையெடுப்பு நகர்ந்த வரிசையை வைத்து ஆய்வாளர்கள் செய்த ஊகம். ஸைராக்ஸஸ் என்ற இன்னொரு அரசரின் கெனுக்லா கோட்டை டான்யூப் கரையில் இருந்தது என்று டயோ எழுதுகிறார். க்ராசஸ் அதைத் தரையிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் தாக்கினார். அப்படி ஒரு அடையாளம்கூட ரோலெஸுக்குக் கிடைக்கவில்லை. கெட்டியரையும் டேசியரையும் ஒன்றுசேர்த்து ஆண்ட புரெபிஸ்டாவின் பெரிய அரசு உடைந்த பிறகு எழுந்த தலைவர்கள் இவர்கள். ஆட்களும் குதிரைகளும் கோட்டைகளும்தான் இவர்களுடைய பலம், எல்லைக்கல் நட்டு ஆண்டவர்கள் அல்ல.

இப்போது நான் இஸ்த்ரியா, டோமிஸ், கல்லாட்டிஸ் ஆகிய கிரேக்க நகரங்களுக்குப் புள்ளி வைக்கிறேன். ரோலெஸ் பெயரை மட்டும் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி எழுதுகிறேன், கோடில்லாமல்.

நண்பர், கூட்டாளி

க்ராசஸ் எதிர்த்துப் போரிட்ட பாஸ்டார்னே என்ற இனத்தார் புகுந்துகொண்ட ஓர் அரணான இடத்தை க்ராசஸ் பல நாள் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. ரோலெஸ் துணைக்கு வந்த பிறகே அது விழுந்தது. அதற்குக் கைம்மாறாகத்தான், ரோலெஸ் நேரில் சென்றபோது ஆக்டேவியன் அவரை நண்பராகவும் கூட்டாளியாகவும் நடத்தினார். இதைச் சமமான இரண்டு நாடுகளின் ஒப்பந்தம் போல எழுதாதீர்கள். வெறும் மரியாதைப் பட்டம் என்றும் தள்ளிவிடாதீர்கள். அப்புறம் டாபிக்ஸ் என்ற மற்றொரு கெட்டிய அரசரோடு சண்டை மூண்டபோது ரோலெஸ் ஆள் அனுப்பினார், க்ராசஸ் படையோடு வந்தார். எதிரியின் குதிரைப்படையை அவர்களுடைய காலாட்படை மீதே விரட்டினார். டாபிக்ஸ் ஒளிந்த கோட்டையை, மதில் மேலிருந்து கிரேக்க மொழியில் கூப்பிட்ட ஒருவர் காட்டிக்கொடுத்தார்.

டாபிக்ஸின் 'தம்பி'

டாபிக்ஸின் சகோதரரை க்ராசஸ் உயிரோடு பிடித்து, தீங்கு செய்யாமல் விட்டுவிட்டார். அவரைத் 'தம்பி' என்று எழுதிவிடுகிறார்கள். மூத்தவரா இளையவரா என்று டயோ சொல்லவில்லை. 'சகோதரர்' போதும்.