பிலிப்பைன்ஸ் கொரில்லா நோட்டு: கையில் கிடைத்தால் எப்படிப் படிப்பது?

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பிலிப்பைன்ஸில் இறங்கியதும் மணிலாவிலிருந்து மற்றத் தீவுகளுக்குப் பணம் போவது நின்றது. சிப்பாய்க்குச் சம்பளம் வேண்டும், சந்தையில் அரிசிக்குச் சில்லறை வேண்டும். அதிபர் மானுவல் கேசோனின் அனுமதியுடன் மாகாணங்கள் தாங்களே நோட்டு அச்சடித்தன. ஆக்கிரமிப்பு நீடித்தபோது காட்டுக்குள்ளிருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட கொரில்லாக்களும் அச்சடித்தார்கள். அப்படி ஒரு நோட்டு உங்களிடம் வந்தால் இப்படிப் பாருங்கள்.

முதலில் ஜப்பானிய நோட்டைப் பிரித்து வையுங்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மேலே "ஜப்பானிய அரசாங்கம்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது ஆக்கிரமிப்பாளர் பணம். பிலிப்பைன்ஸுக்கான தொடக்க நோட்டுகளில் "பி" (P) என்ற ஆங்கில எழுத்து இருக்கும். மலாயாவில் புழங்கியவற்றில் "எம்" (M). மலாயாவின் வாழைமரம் போட்ட பத்து டாலரை அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பார்த்திருப்பீர்கள். போருக்குப் பிறகு அதற்கு மதிப்பே இல்லாமல் போனது.

அடுத்து, வெளியிட்டவர் யார் என்று தேடுங்கள். நீக்ரோஸ், போஹோல், இலோய்லோ, செபு, மிண்டனாவோ என்று ஏதாவது ஓர் இடப்பெயரும், அவசர நாணய வாரியம் என்ற பொருளில் ஆங்கில வரியும் கிடைக்கலாம். இந்த ஒரு வரியில்தான் நோட்டின் முழுக் கதையும் இருக்கிறது. போர் முடிந்ததும் அரசு பணமாகத் திருப்பித் தரும் என்று நம்பித்தான் மக்கள் இதை வாங்கினார்கள். ஜப்பானியரிடம் இதோடு பிடிபட்டால் உயிரே போகலாம் என்று தெரிந்தும் மடியில் முடிந்து வைத்திருந்தார்கள். போருக்குப் பின் பதிவு செய்யப்பட்ட நோட்டுகளில் ஒரு பகுதிக்கு உண்மையாகவே பணம் கிடைத்தது.

மூன்றாவது, தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நல்ல காகிதம் கிடைக்காததால் பழுப்புப் பொட்டலத் தாள், பள்ளிக் கோட்டுத் தாள் என்று கிடைத்ததில் எல்லாம் அடித்தார்கள். மை கலங்கியிருக்கும், எழுத்து சாய்ந்திருக்கும். அதனாலேயே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். வரிசை எண்ணையும் கையெழுத்துகளையும் உருப்பெருக்கியில் பாருங்கள்.

கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அந்த அழுக்கும் மடிப்பும் நோட்டு கைமாறியதற்கான சாட்சி. எனக்குப் பளபளப்பான நோட்டைவிட அதுவே பெரிது. பிவிசி பிளாஸ்டிக் உறை நாளடைவில் தாளைக் கெடுக்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். மாகாணம், ஆண்டு, பெசோ அல்லது சென்டாவோ (பெசோவில் நூறில் ஒரு பங்கு) மதிப்பு மூன்றையும் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.