பாதியில் நின்ற வீட்டு வேலையை மறுபடி ஓட வைப்பது எப்படி

வீட்டு வேலை பாதியில் நின்றுபோனால் பெரும்பாலானவர்கள் உடனே செய்வது, வேறொரு மேஸ்திரியைத் தேடிப் பிடித்து அவர் கையில் ஒரு அட்வான்ஸைக் கொடுப்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடலூர், நெல்லிக்குப்பம், பாகூர் பக்கம் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்தோடு நிற்கும் வீடுகளை எடுத்து முடித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இரண்டாவது முறையும் நின்றுபோன வீடுகளைப் பார்த்தால், முதல் முறை நின்றபோது யாரும் டேப் வைத்து அளந்திருக்க மாட்டார்கள். எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது, எவ்வளவு பணம் போயிருக்கிறது, மீதி வேலைக்கு இன்றைய விலையில் எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் தொடங்கினால், கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும்.

ஆகவே முதல் வாரம் கட்டு வேலை எதுவும் வேண்டாம், கணக்கு மட்டும் பாருங்கள். பழைய மேஸ்திரிக்கும் புதிதாக வரப்போகிறவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, அதற்கான ஃபீஸைத் தயங்காமல் கொடுத்து, அஸ்திவாரம், பேஸ்மென்ட் (வீட்டுத் தரை மட்டம் வரையான அடிக்கட்டு), செங்கல் கட்டு, கான்கிரீட், கம்பி என்று தனித்தனியாக அளந்து மதிப்புப் போடச் சொல்லுங்கள். இன்னொரு பக்கம் பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிபே, கையில் கொடுத்த பணம், செங்கல் சூளைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் நேரடியாகக் கட்டியது எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். கையில் கொடுத்த பணம்தான் எப்போதும் விடுபடும், வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து யோசித்து எழுதுங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒப்பந்தம் 22 லட்சம், இதுவரை கொடுத்தது 15 லட்சம், அளந்து பார்த்தால் நிற்கிற வேலையின் மதிப்பு 11 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் மனதில் ஓடுவது "இன்னும் 7 லட்சம் புரட்டினால் வீடு முடிந்துவிடும்" என்பது. ஆனால் மீதி இருக்கும் வேலையே 11 லட்சத்துக்கு இருக்கிறது, அதன் மேல் இடையில் ஏறிய கூலியும் பொருள் விலையும், கெட்டுப்போனதைச் சரிசெய்யும் செலவும் சேரும். 7 லட்சத்தை நம்பித் தொடங்கினால் பூச்சு வேலை நடக்கும்போது பணம் தீரும். கூடுதலாகப் போன 4 லட்சத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்பது தனி விஷயம், அதற்கு முயற்சி செய்யுங்கள், ஆனால் அது வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். இன்னொன்று, கூரை கான்கிரீட் போட்டாச்சு என்றால் முக்கால்வாசி முடிந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும், செலவில் ஏறக்குறைய பாதிதான் ஆகியிருக்கும். பூச்சு, தரை, கதவு ஜன்னல், வயரிங், பிளம்பிங், பெயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

கணக்கு கைக்கு வந்த பிறகு பழைய மேஸ்திரியிடம் பேசுங்கள், அதற்கு முன் பேசினால் சண்டைதான் வரும். "அண்ணே, யார் மேல தப்புன்னு பேச வரல, வேலை எங்க சிக்குச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ஒரே நேரத்தில் நாலு இடத்தில் வேலை எடுத்து, உங்கள் அட்வான்ஸை இன்னொரு சைட்டின் சனிக்கிழமைக் கூலிக்குப் போட்டிருப்பார். அல்லது சதுர அடி ரேட்டைக் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, கம்பி விலை ஏறியதும் கையைக் கடித்திருக்கும். சில இடங்களில் காரணம் வீட்டுக்காரரே: படிக்கட்டை மாற்று, பூஜை ரூமைப் பெரிதாக்கு, லாஃப்ட் போடு என்று வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு ரேட்டே பேசியிருக்க மாட்டார். காரணம் பணமென்றால் பணம் கொடுக்கும் முறை மாற வேண்டும், ஆள் பற்றாக்குறை என்றால் ஆளை மாற்ற வேண்டும், உங்கள் மாற்றங்கள்தான் என்றால் பிளானை இறுதி செய்யும் வரை யார் வந்தாலும் இதே கதிதான். சில சமயம் பழைய மேஸ்திரியையே புது நிபந்தனையோடு தொடரவிடுவதுதான் மலிவு, அவருக்குத்தான் எந்தச் சுவருக்குள் எந்த பைப் போகிறது என்று தெரியும்.

பிரிவது என்று முடிவானால் எழுத்தில் பிரியுங்கள். அவரும் நீங்களும் இன்ஜினியரும் சேர்ந்து அளந்த அளவு, கொடுத்த தொகை, சைட்டில் கிடக்கும் பொருள் யாருடையது, கடைகளில் அவர் வைத்த பாக்கியை யார் கட்டுவது என்று ஒரு பேப்பரில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். கூரைக்கு அடியில் கான்கிரீட்டைத் தாங்கும் சென்டரிங் ஷீட்டும் முட்டும் நின்றுகொண்டிருந்தால் அந்தக் கணக்கைப் பேசி முடிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள், வாடகை நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும், அதை யார் கட்டுவது என்ற தகராறு கடைசியில் உங்கள் தலையில் விடியும். ஒழுங்கான மேஸ்திரி யாரும் "பழைய ஆள் கணக்கு முடிஞ்சாச்சா?" என்று கேட்காமல் வேலையைத் தொட மாட்டார், அப்படிக் கேட்பவரையே தேர்ந்தெடுங்கள்.

இனி கட்டடம். நம் பக்கம் உப்புக் காற்று, அதனால் நின்றுபோன வேலையில் எனக்கு முதல் கவலை கம்பிதான். கான்கிரீட் தூணின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் லேசாகத் தூளாக வரும் துரு பயப்பட வேண்டியதில்லை, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் போகும். செதில் செதிலாக உரிந்து வந்தால் இன்ஜினியர் வெர்னியர் அளவுகோல் வைத்து விட்டம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடிக்கடி வளைத்து நிமிர்த்திய கம்பியையும் நம்பாதீர்கள். பழைய கம்பியோடு புதுக் கம்பி சேரும் இடத்தில் கம்பி தடிமனைப் போல 50 மடங்கு ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும் என்பது பொதுவான கணக்கு, 12 மி.மீ. கம்பிக்கு அது சுமார் 2 அடி. அவ்வளவு நீளம் வெளியே இல்லாவிட்டால் கான்கிரீட்டை உடைத்து இறங்குவதா, துளை போட்டு கெமிக்கல் ஆங்கர் (பசை ஊற்றிக் கம்பியைப் பிடிக்க வைப்பது) வைப்பதா என்று மேஸ்திரி முடிவு செய்யக் கூடாது, இன்ஜினியர் சொல்ல வேண்டும்.

சைட்டில் அடுக்கி வைத்த சிமெண்ட் மூட்டை மூன்று மாதத்தைத் தாண்டியிருந்தால் சோதிக்காமல் கான்கிரீட்டுக்குப் போடாதீர்கள், கட்டி தட்டிவிட்டால் தூக்கிப் போடுங்கள். மழையில் நனைந்து கிடந்த சுவரின் மேல் வரிசைச் செங்கல் கையால் அசைத்தால் ஆடும், அதை எடுத்துவிட்டுக் கட்ட வேண்டும். பாசியைத் தேய்த்துக் கழுவாமல் பூசினால் பூச்சு உரியும். கான்கிரீட்டின் தரத்தில் சந்தேகம் இருந்தால் ரீபவுண்ட் ஹாமர் சோதனை (மேலே தட்டி உறுதியைப் பார்ப்பது), அதிலும் தெளிவில்லை என்றால் கோர் (கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் துண்டு) எடுத்துப் பார்க்கலாம். அப்புறம் தண்ணீர்: கடற்கரையை ஒட்டிய இடங்களில் போர் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும், கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்லும் விதி. ஒரு பாட்டில் தண்ணீரை லேபுக்குக் கொடுத்துப் பாருங்கள், செலவு பெரிதில்லை.

அடுத்து காலண்டர். இங்கே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி, அடுத்த நாட்களில் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் தையில் கிரகப்பிரவேசம் வைத்தே ஆக வேண்டும் என்று செப்டம்பரில் பேஸ்மென்ட் மட்டத்திலிருந்து ஓட ஆரம்பிக்கிறார்கள். செப்டம்பரில் பேஸ்மென்ட்தான் முடிந்திருக்கிறது என்றால் மண் நிரப்பிக் கெட்டித்து, மேல் கான்கிரீட் போட்டு, தண்ணீர் வெளியேற வழி வைத்து, கம்பிக்கு சிமெண்ட் பால் அடித்து பிளாஸ்டிக் சுற்றி, நிறுத்திவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கு வைகாசி என்று சொல்லுங்கள். ஆகஸ்டில் லிண்டல் முடிந்திருந்தால் கூரையை முடித்துவிட முயற்சி செய்யலாம், கூரை மூடிவிட்டால் மழைக்காலத்தில் உள்பூச்சும் வயரிங்கும் நடக்கும்.

பணம் குறைவாக இருந்தால் வேலையைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை, ஒரு டாய்லெட், கதவு, ஜன்னல், மேல்தளத்து வாட்டர் ப்ரூஃபிங், கரண்ட், தண்ணீர் இவை முடிந்தால் குடிபோகலாம். வாடகையும் லோன் வட்டியும் சேர்ந்து மாதாமாதம் கரைவது அன்றோடு நிற்கும். எலிவேஷன் (முன்பக்க அலங்காரம்), ஃபால்ஸ் சீலிங், காம்பவுண்ட் கேட், மாடி எல்லாம் பிறகு. லோன் இருந்தால் பேங்கிடம் மறைக்காதீர்கள், அளவெடுத்த ரிப்போர்ட்டோடு போய்ப் புது அட்டவணையைக் காட்டுங்கள், அடுத்த தவணை அந்த நிலையைப் பார்த்துத்தான் வரும்.

புது மேஸ்திரிக்கு முழு வேலையையும் முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டாம். ஒரு ரூம் பூச்சு அல்லது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் (பேரபெட்) என்று சின்னதாக ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், ஆள் சொன்ன நாளில் வருகிறாரா, ரசமட்டம் பிடிக்கிறாரா, கூலிக்காரர்களுக்கு ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்று தெரிந்துவிடும். பிறகு ஒப்பந்தம்: முடிந்த வேலையை அளந்த பிறகே பணம், ஒவ்வொரு பில்லிலும் 5 முதல் 10 சதவீதம் நிறுத்தி வைத்து எல்லாம் முடிந்ததும் கொடுப்பது, எந்த மாற்றமானாலும் ரேட் எழுதிக் கையெழுத்தான பிறகே. வாராவாரம் சனிக்கிழமை கூலிக்கு முன்னால் அரை மணி நேரம் சைட்டில் நின்று போன வாரம் சொன்னதில் எது முடிந்தது, அடுத்த வாரம் எது என்று நோட்டில் எழுதுங்கள். தாமதமாகிறது என்று இரண்டு கோஷ்டியை ஒன்றாக இறக்காதீர்கள், எலக்ட்ரீஷியன் சுவரில் காடி (பள்ளம்) அடித்து பைப் போடுவதற்குள் பூச்சு ஆள் வந்து நின்றால் இரண்டு வேலையும் கெடும்.

பழைய மேஸ்திரி பேசவே வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் சேவையும் அடங்கும், குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும். வழக்கு முடியும்வரை வீட்டைப் போட்டு வைக்க வேண்டியதில்லை. இப்போதைய நிலையைப் பார்த்துப் பதிவு செய்ய ஆணையர் ஒருவரை நியமிக்கும்படி அந்த ஆணையத்திடம் கேட்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், அந்தப் பதிவு முடிந்ததும் புது மேஸ்திரி சுவரில் கை வைக்கலாம்.