பட்டறைக்கு முன்பணம் கொடுக்கும் முன்

திருப்பூரில் பட்டறை போட வருகிறவர்கள் முதலில் மிஷின் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் மாசின் அளவைப் பொறுத்துத் தொழில்களை நிறவாரியாகப் பிரிக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியப் பட்டியலில் உங்கள் தொழில் சிவப்பா, ஆரஞ்சா, பச்சையா, வெள்ளையா என்று பாருங்கள். வெள்ளைக்கு வாரியத்துக்குத் தகவல் கொடுத்தால் போதும். மற்றவற்றுக்குக் கட்டடம் எழுப்பும் முன் வாரியத்தின் அனுமதியான இசைவாணை ஒன்று, பட்டறையை ஓட்டும் முன் இன்னொன்று. கட்டணம் வகையையும், நிலம், கட்டடம், இயந்திரம் சேர்ந்த சொத்து மதிப்பையும் பொறுத்தது. ஆடிட்டர் சான்று கேட்பார்கள்; மிஷின் பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

சாயப்பட்டறை சிவப்பு. சாயக்கழிவு ஒரு சொட்டுக்கூட வெளியே போகக்கூடாது. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது சாயமிட்ட துணி வராமல் எங்கள் தெருவில் தையல் மிஷின்களும் நின்றன. நொய்யல் ஆறு சாயத்தண்ணீராக ஓடியதைப் பார்த்தவன் நான்; கழிவைச் சுத்திகரிக்கும் செலவு நியாயமானதுதான். அதனால், பல சாயப்பட்டறைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உங்களுக்கு இடம் உறுதியான பிறகே முன்பணம் கொடுங்கள்.