எனாமல் பூசிய கிரில் தட்டியை எதை வைத்துத் தேய்ப்பது?

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் கறி சுடும் கடைகளில் பெரும்பாலும் வெறும் இரும்புக் கம்பித் தட்டிதான். கம்பி பிரஷ்ஷால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அதற்குப் பெரிய சேதமில்லை. துரு பிடித்தால் எண்ணெய் தடவி நெருப்பில் காட்டினால் சரியாகிவிடும். வீட்டு மாடியில் வைக்க வாங்கும் அடுப்போடு பளபளவென்று கறுப்பாக வரும் தட்டி அப்படியல்ல. பல மாடல்களில் அது இரும்பின் மேல் எனாமல் பூசியது. கடையில் பார்த்த பழக்கத்தில் அதே பிரஷ்ஷை இதில் போடுவதால்தான் நல்ல தட்டிகள் சீக்கிரமே வீணாகின்றன.

எனாமல் என்பது கண்ணாடி. கண்ணாடித் தூளை இரும்பில் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். ராணிப்பேட்டையில் தயாராகும் வாஷ்பேசின் போல முழுதும் பீங்கான் இல்லை. மேலே ஒரு மில்லிமீட்டர்கூட வராத மெல்லிய தோல், உள்ளே சாதாரண இரும்பு. கடினமான பொருள் உரசினால் கீறல் விழும், கீழே போட்டால் சில்லு பெயரும், நல்ல சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். பெயர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து துரு ஏறினால், அது பக்கத்துப் பூச்சையும் சேர்த்துத் தூக்கிவிடும். உணவில் விழும் சில்லும் கண்ணாடிச் சில்லுதான்.

உங்கள் தட்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள். வழவழப்பாக, கண்ணாடிப் பளபளப்போடு இருந்து காந்தமும் ஒட்டினால் எனாமல். கறுப்பாக இருந்தும் பளபளப்பில்லாமல் சொரசொரவென்று இருந்தால் பெரும்பாலும் பூச்சில்லாத வார்ப்பிரும்பு. வெள்ளிநிறமாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ குரோம் முலாம் பூசிய இரும்பாகவோ இருக்கலாம்.

கம்பி பிரஷ் ஏன் கூடாது

பூச்சு கீறுவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் உதிரும் கம்பி. பிரஷ் பழசாகும்போது ஒற்றைக் கம்பி கழன்று தட்டியில் ஒட்டிக்கொள்கிறது, அங்கிருந்து கறிக்குப் போகிறது. மிளகாய்த்தூள் மசாலா பூசிய கறியில் அது கண்ணுக்குப் படாது. தொண்டையிலோ குடலிலோ குத்திய பிறகுதான் தெரியவரும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் இப்படிக் காயமடைந்த ஆறு பேரைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. 2002 முதல் 2014 வரை அந்நாட்டில் சுமார் 1,700 பேர் இதற்காக அவசர சிகிச்சைக்குப் போயிருப்பார்கள் என்று பின்னால் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

பித்தளைக் கம்பி பிரஷ் பரவாயில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பித்தளை கண்ணாடியைவிட மென்மையானது, அதனால் கீறல் குறைவு. ஆனால் கம்பி உதிர்வது அதிலும் அப்படியேதான். சமையல் தட்டிக்கு அதையும் வாங்க வேண்டாம்.

பாத்திரம் தேய்க்கும் சுருள் ஸ்டீல் நாரும் துண்டு துண்டாக உதிரும். பச்சை ஸ்க்ரப் பேடில் இருக்கும் உரசுபொருள் எனாமலைவிடக் கடினம், பளபளப்பை எடுத்துவிடும். அது போனால் அடுத்த முறை கறி இன்னும் அதிகமாக ஒட்டும். தட்டி தேய்க்கவென்று விற்கும் கிரில் கல்லும் வேண்டாம். செங்கல் பொடி, மணல், உமிச் சாம்பல் எதுவும் வேண்டாம். உமிச் சாம்பலில் நிறைய சிலிக்கா இருக்கிறது, கைக்கு மாவு போலத் தெரிந்தாலும் கண்ணாடியைக் கீறும்.

எதை வாங்கலாம், எதைச் செய்துகொள்ளலாம்

எங்கள் முதல் தேர்வு மரச் சுரண்டி. தச்சுப் பட்டறையில் மிஞ்சும் மா அல்லது கருவேலத் துண்டு போதும்: நீளம் 30 செ.மீ, அகலம் 8 முதல் 10 செ.மீ, கனம் 2 செ.மீ. ஒரு முனையைச் சாய்வாக இழைத்து வாங்குங்கள். பெயின்ட், வார்னிஷ், பூச்சி மருந்து பட்ட மரம் கூடாது. பிளைவுட் வேண்டாம், அதில் பசை இருக்கிறது. சூடான தட்டியில் அந்த முனையை அழுத்தி முன்னும் பின்னும் தள்ளினால், நாலைந்து தடவை பயன்படுத்துவதற்குள் கம்பிகளின் அளவுக்கே பள்ளம் விழுந்துவிடும். பிறகு கம்பியின் பக்கவாட்டையும் சேர்த்து வழிக்கும்.

இரண்டாவது, காசே இல்லாமல் கிடைப்பது: தேங்காய் மட்டை. கால் பாகம் மட்டையை எடுத்து, ஒரு முனையைச் சுத்தியலால் தட்டி நாராக்குங்கள். தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக உதறிவிட்டுத் தேயுங்கள். நார் உதிரத்தான் செய்யும், ஆனால் அது குத்தாது, துணியால் துடைத்தால் வந்துவிடும். குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் இதற்காகக் கடைக்கே போக வேண்டியதில்லை.

நைலான் பிரஷ் மூன்றாவது. சூட்டில் நைலான் இளகி எனாமலில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. தட்டி முழுதும் ஆறிய பிறகு மட்டும் அதை எடுங்கள்.

புதிதாக எதை வாங்கினாலும் தட்டியின் அடிப்பக்க மூலையில் பத்து முறை உரசிப் பாருங்கள். துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்தால் கோடு தெரியும். சாம்பல்நிறக் கோடு வந்தால் சமையல் சோடா பசையால் தேயுங்கள். போய்விட்டால் அது கருவியின் உலோகம் ஒட்டியது. போகாவிட்டால் கீறல், அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தேய்க்கும் முறை

சுட்டு முடித்ததும் கேஸ் அடுப்பானால் மூடியை மூடி, முழுத் தீயில் 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். கரியானால் இருக்கிற தணலிலேயே காயட்டும். தயிரும் மசாலாவும் கருகி மொறுமொறுவென்று ஆனால் பாதி வேலை முடிந்தது. தீயை அணைத்து, சூடு இருக்கும்போதே மரச் சுரண்டியால் கம்பியின் போக்கிலேயே தள்ளுங்கள், குறுக்கே வேண்டாம். தண்ணீர் தெளிக்காதீர்கள். ஈர மட்டைக்கும் இப்போது வேலையில்லை.

மிச்சப் பிசுக்குக்கு, தட்டி முழுதும் ஆறிய பிறகு, மூன்று பங்கு சமையல் சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து பூசி, அரை மணி நேரம் விட்டு மட்டையாலோ நைலான் பிரஷ்ஷாலோ தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட்டையும் காஸ்டிக் சோடாவையும் கிட்டேயே கொண்டுவராதீர்கள், இரண்டும் எனாமலைக் கெடுக்கும்.

பாலாற்றங்கரை ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருப்பதால், கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம் பிடிக்கும். உடனே துணியால் துடையுங்கள். ஏற்கெனவே பிடித்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தடவி, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். அதற்கு மேல் ஊறவிட வேண்டாம். கடைசியாக, எந்தக் கருவியால் தேய்த்திருந்தாலும் ஈரத்துணியால் ஒரு முறை முழுக்கத் துடைத்து, துணியில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் அந்தத் தட்டியை ஊறவைக்காதீர்கள். துருவைத் துடைத்து, கடலை எண்ணெயைத் துளி தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவுங்கள். கறி படும் மேல்பக்கத்தில் பூச்சு உரிகிறது, விரலால் தடவினால் துகள் வருகிறது என்றால் தட்டியையே மாற்றுங்கள். அளவெடுக்கும்போது நீள அகலத்தோடு, அது உட்காரும் விளிம்பின் உயரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள்.