கடைசித் தோட்டா போன பிறகும் பிஸ்டலின் ஸ்லைடு திறந்து நிற்கவில்லையா?

மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) காலியானதும் ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி, பின்னால் போய் நிற்க வேண்டும். அது மூடிக்கொண்டால் உடனே பிஸ்டலைக் குறை சொல்லாதீர்கள். முதலில் உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள்.

காலி மேகசினில் தோட்டாக்களைத் தாங்கும் உள்தட்டுதான், ஸ்லைடைத் திறந்தபடி நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் லீவரை மேலே தள்ளுகிறது. இரு கட்டைவிரல்களையும் முன்னோக்கி நீட்டிப் பிடிக்கும்போது ஒன்று அந்த லீவர் மேலேயே உட்கார்ந்து, அதை எழவிடாமல் செய்துவிடும். சிக் சாவர் பி226 பிஸ்டலில் லீவர் நன்றாகப் பின்தள்ளி இருப்பதால் இது சர்வசாதாரணம். கிளாக் பிஸ்டலிலும் நடக்கும். ஐந்தாம் தலைமுறை கிளாக்கில் இருபுறமும் லீவர் உண்டு, ஆகவே இடக்கையரும் தப்ப முடியாது.

சோதிப்பது சுலபம். துப்பாக்கியைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, தோட்டா அறை காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்புறம் காலி மேகசினைச் செருகி, லீவரைத் தொடாமல் ஸ்லைடை முழுக்க இழுத்து விடுங்கள். நின்றால் பெரும்பாலும் பிடிதான் காரணம். நிற்காவிட்டால் மேகசின் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள்.

சரி, பிடியை எப்படி மாற்றுவது? சுடும் கையின் கட்டைவிரலை, தாங்கும் கைக் கட்டைவிரலின் அடிச்சதை மேல் படுக்க வையுங்கள். லீவருக்கு இடம் கிடைத்துவிடும். தோட்டா மீதமிருக்கும்போதே ஸ்லைடு திறந்து நின்றால், விரல் லீவரைக் கீழிருந்து மேலே தள்ளுகிறதா என்று பாருங்கள்.