நாடகப் பாத்திர ஆய்வுக்கு ஒரு பொருள் போதும்

நாடகத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது வரும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். யார் கையில் இருக்கிறது, யார் பதறுகிறார் என்று ஓரத்தில் குறியுங்கள். கட்டுரைக்குப் பாதி வேலை முடிந்தது.

ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' (1949) நாடகத்தில் அது காலுறை. முதல் அங்கத்தில், விற்பனையாளன் வில்லியோடு கள்ள உறவு வைத்திருக்கும் பாஸ்டன் பெண் அவன் தந்த புதுக் காலுறைக்கு நன்றி சொல்கிறாள். அடுத்த கணமே மனைவி லிண்டா கிழிந்ததைத் தைத்துக்கொண்டிருக்கிறாள், வில்லி எரிந்து விழுகிறான். இரண்டாம் அங்கத்தில், 'அம்மாவின் காலுறையைக் கொடுத்துவிட்டாயே' என்று மகன் பிஃப் கதறுகிறான். வில்லி வாய்விட்டு ஒப்புக்கொள்ளாத குற்றவுணர்வு, பணமுடை, துரோகம் மூன்றும் அந்தத் துணியிலேயே இருக்கின்றன.

தார்ன்டன் வைல்டரின் 'அவர் டவுன்' (1938) போன்றவற்றுக்கு இது உதவாது. அங்கே பொருள்களே அரிது, நடிகர்கள் பாவனையில்தான் காட்டுவார்கள். அதற்குப் பதில், கதைசொல்லியாக வரும் 'மேடை மேலாளர்' என்ற பாத்திரம் காலத்தைப் பற்றிப் பேசும் இடங்களைக் குறியுங்கள்.