பலகாரக் கடைக் கணக்கில் மொத்த இலாபம் குறைந்தது ஏன்?

காரைக்குடியில் என் பெரியம்மா தேன்குழல், மனகோலம், அதிரசம் செய்து விற்கிறார். போன ஆண்டு விற்பனை 3,60,000 ரூபாய். ஆனால் கணக்கெழுதியவர் காட்டிய மொத்த இலாபம், அதாவது விற்பனையில் சரக்கின் அடக்கச் செலவை மட்டும் கழித்தது, வெறும் 21,000. "வித்த காசெல்லாம் எங்கப்பா போச்சு?" என்று பெரியம்மா கேட்டார். சரி என்று பேரேட்டை வாங்கிப் பார்த்தேன்.

மொத்த இலாபத்தைக் காட்டும் வியாபாரக் கணக்கில், செலவுகளை எழுதும் பற்றுப் பக்கத்தில் தொடக்கச் சரக்கிருப்பு 40,000, திருப்பியனுப்பியது போக நிகரக் கொள்முதல் 2,00,000, மாவும் எண்ணெயும் கொண்டுவந்த வண்டிக்கூலி 6,000, பலகாரம் சுடுபவர்களின் கூலி 54,000. மொத்தம் 3,00,000. இதுவரை சரி.

கூடவே கடை வாடகை 24,000, வெளியூருக்குப் பார்சல் அனுப்பிய செலவு 15,000 இரண்டும் அங்கேயே இருந்தன. சரக்கு நம்மிடம் வந்து விற்கத் தயாராகும் வரை ஆகும் செலவுதான் இங்கே வரவேண்டும். விற்பதற்கும் கடை நடத்துவதற்கும் ஆவது, நிகர இலாபத்தைக் காட்டும் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். இரண்டையும் அங்கே மாற்றினேன்.

பெரிய விடுபாடு இறுதிச் சரக்கிருப்பு. மார்ச் 31 அன்று கையிலிருந்த மாவு, எண்ணெய், டப்பாக்களில் இருந்த பலகாரம் எதுவும் விற்பனையை எழுதும் வரவுப் பக்கத்தில் இல்லை. அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைப்பது, இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும்; விற்பனை விலையைப் போட்டால் வராத இலாபம் வந்ததாகிவிடும். அப்படிப் பார்த்ததில் 45,000 வந்தது.

அப்புறம் விற்பனையோடு இதைக் கூட்டி, 3,00,000 கழித்தால் மொத்த இலாபம் 1,05,000. வாடகையும் பார்சலும் கழித்து நிகர இலாபம் 66,000. இனி மார்ச் கடைசி நாளில் சரக்கை எண்ணி, அன்றே நோட்டில் எழுதிவிடச் சொல்லியிருக்கிறேன்.